கரிசலுக்கு முதுகைக் காட்டி நின்றோம்

எம்.ரெட்டியபட்டி பக்கம் எந்த வீட்டில் ஆல்பத்தைக் கேட்டாலும் தூசி தட்டி எடுத்து வந்து காட்டுவார்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பேரன் பிறந்தது, பெரியவர் போய்ச் சேர்ந்தது எல்லாம் இருக்கும். பழைய படங்களில் பின்னால் ஸ்டூடியோ திரைச்சீலை தொங்கும். அதில் அருவி கொட்டும், மலை நிற்கும், பூந்தோட்டம் விரிந்து கிடக்கும். மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்துவிட்டு வந்தவர் முகம் கழுவி, பவுடர் போட்டு, கண்ணால் பார்த்திராத அருவிக்கு முன்னால் விறைப்பாக நிற்பார். அவர் உழுத புஞ்சை ஒரு படத்திலும் இருக்காது. ஸ்டூடியோக்காரரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அருவி வேண்டுமென்று கேட்டது நாங்கள்தான்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவிலுள்ள இந்தக் காட்டில் பிறந்து, கையில் ஒரு கேமராவோ போனோ வைத்திருக்கிற எல்லோரையும் சேர்த்துத்தான் ‘நாங்கள்’ என்கிறேன். ஊரில் இருப்பவர்கள், திருப்பூருக்குப் போனவர்கள், துபாயில் இருப்பவர்கள் யாருக்கும் விலக்கில்லை.

“இங்க என்னண்ணே இருக்கு படம் பிடிக்க? வெறும் பொட்டக்காடு.” இந்தப் பதில் எங்கள் நாக்கின் நுனியில் எப்போதும் இருக்கும். கொடைக்கானலுக்கு வேன் பிடித்தால் தூண் பாறையை ஆளுக்கொரு படம் எடுப்போம். தனுஷ்கோடிக்குப் போனால் 1964 புயல் மிச்சம் வைத்த தேவாலயச் சுவரை ஒட்டி நின்று எடுப்போம். தை மாதத்தில் திரும்பி வரும்போது, மழை குடித்த கரிசலில் கொத்தமல்லி பூத்துக் காடே வெள்ளையாகக் கிடக்கும். வேனுக்குள் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருப்போம்.

திருச்சுழிக்கு வருகிறவர்கள் பூமிநாதர் கோயிலையும், ரமணர் 1879-ல் பிறந்த வீட்டையும் எடுத்துப் போகிறார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள், அது போதும். நாங்களும் அதோடு நின்றுவிட்டோம். பக்கத்தில் கிடக்கும் குண்டாறு யாருக்கும் படமாகத் தோன்றவில்லை.

கேட்டால், அந்தக் காலத்தில் கேமரா ஏது என்போம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-லேயே மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் எடுத்திருக்கிறார். வண்டி கட்டிக் கொண்டுவர வேண்டிய கனத்த கருவிகள் அவை. கோயிலும் மகாலும்தான் படத்துக்கு உரியவை என்ற கணக்கை நாங்களும் விடாமல் பிடித்துக்கொண்டோம். ஃபிலிம் ரோல் விலை கூடுதல் என்ற சாக்கு இருந்தவரை அதுவும் சரி. ஸ்மார்ட்போன் வந்து அந்தச் சாக்கும் போனது. போன பிறகு எடுத்தது என்ன? எங்கள் முகத்தை.

நிலம் வேகமாக மாறியதும் அதே வருஷங்களில்தான். கமுதி பக்கம் செங்கப்படையில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர். அதற்கு முன் அந்த இடம் எப்படிக் கிடந்தது, எங்கே ஓடை, எங்கே வண்டிப்பாதை என்று பிள்ளைகள் கேட்டால் கையை ஆட்டி ஆட்டி வாயால்தான் சொல்ல முடிகிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஜேசிபியோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அது தழைத்து நின்றதை எடுக்க ஆளில்லை. கண்மாய் கடைசியாக எந்த வருஷம் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் போனது என்பதில் இன்றைக்கும் டீக்கடையில் சண்டை. ஒரே ஒரு படம் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். நீர்ப்பிடிப்பு எதுவரை இருந்தது என்ற பெரிய சண்டைக்கும் அது சாட்சிக்கு வந்திருக்கும்.

எங்கள் மண்ணைப் படம் பிடித்தது சினிமாதான். சினிமாக்காரர்களுக்கு இங்கே வேண்டியது புழுதி, அரிவாள், காய்ந்த மரம். அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, நம்ம ஊர் இப்படித்தான் என்று நாங்களும் நம்பத் தொடங்கினோம்.

கரிசலைப் படம் பிடிப்பது சுலபமில்லைதான். எதைக் காட்டினாலும் கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணித்தான் வெளிச்சத்தைக் கணக்குப் போடும். கரிசலைக் காட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று தானாகக் கூட்டிவிடும். மண் சாம்பலாகும், வானம் வெளிறிப்போகும். மண் கறுப்பாகவே வர வேண்டுமானால் எக்ஸ்போஷரைக் குறைத்து வைக்க வேண்டும். வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போனால் நேர்மாறு. அங்கே கூட்டி வைக்காவிட்டால் உப்பு அழுக்காகத் தெரியும். காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இந்த ஒரு திருகைத் திருப்பிப் பழக ஒரு வெள்ளாமைக் காலம் போதும். நாங்கள் பழகியதெல்லாம் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரை.

கடலும் ஒன்றும் தொலைவில் இல்லை. விடியக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் சாயல்குடி தாண்டிக் கரைக்குப் போய்விடலாம். அந்த மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தீவு முங்கும் அளவுக்குக் கல் கரையேறியிருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டவர்கள் எங்களில் இருக்கலாம்.

நம் பக்கத்து ஆள் யாருமே செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகும். மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன் எம்.பழனிக்குமார், பாரதிநகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களை அலைக்குள் இறங்கிப் படம் எடுத்தார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களையும் எடுத்தார். கிராமப்புற வாழ்வை ஆவணப்படுத்தும் பாரி இணையதளத்தில் வந்த படங்கள் அவை. தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலில், 2022-ல், அவருக்குத்தான் கிடைத்தது. அந்தப் படங்களை நாங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டோம், பெருமையாக. கரிமூட்டம் போட்டுப் புகையில் வேகிறவர்களும், கிடை போட வெள்ளாட்டையும் செம்மறியையும் ஓட்டிக்கொண்டு அலைகிறவர்களும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள்.

எடுத்ததையாவது காப்பாற்றினோமா என்றால், அதுவும் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கினார்கள். அதற்குள் பல ஊர்களில் நெகட்டிவ்கள் அவற்றிலிருந்த துளி வெள்ளிக்காக எடைக்குப் போய்விட்டன. இன்றைய படங்களுக்கு அந்த மதிப்பும் கிடையாது. தேதி, இடம் எதுவும் குறிக்காமல் கிடந்து, போன் மாற்றும்போது அதோடு போய்விடும்.

காவிரி-வைகை-குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய். அது வந்து முடிவது எங்கள் குண்டாற்றில். வந்தால் ஆறு மாறும், கரை மாறும், கண்மாய்களின் கணக்கும் மாறும். திருச்சுழியிலிருந்து கமுதி வழியாக மூக்கையூர் பக்கம் கடலில் சேரும்வரை அந்த ஆற்றை ஒருமுறை நடந்து படம் எடுக்க, இப்போதைக்கு யாரும் தடுக்கவில்லை. ஆற்றுக்குள் எவ்வளவு கருவேலம் நிற்கிறது, எவ்வளவு மணல் மிச்சம் என்று காட்ட இன்றைக்கு எங்களிடம் இருப்பது, பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து ஆற்றுக்கு முதுகைக் காட்டி எடுத்த செல்ஃபிகள்தான்.