உயிரோடு இருக்கும்போதே நினைப்போம்!



மீன்சுருட்டிக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 1025-ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழனின் படை கடல் கடந்து கடாரம் சென்றது. அந்த வீரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வீட்டில் இருந்தவர்கள் எவ்வளவு தவித்திருப்பார்கள்! கடிதம் போட அன்று அஞ்சலகம் இல்லை. இன்று இருக்கிறது. நாம் எழுதுகிறோமா?

முதல் உலகப் போர் நடந்த 1914-இல், இந்திய வீரர்கள் பலர் பிரான்ஸ் நாட்டுக் குளிரில் போரிட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு 17 வயது இங்கிலாந்து இளவரசி மேரியின் பெயரில் மக்கள் நிதி திரட்டி, வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகளில் பரிசு அனுப்பினார்கள். பலருடைய பெட்டியில் புகையிலை இருந்தது. சீக்கியர்களுக்குப் புகையிலை ஆகாதே! அதனால் அவர்களுக்குக் கற்கண்டும், நறுமணப் பொருட்கள் கொண்ட சிறு டப்பாவும் வைத்தார்கள். பெறுபவருக்கு எது பிடிக்கும், எது பயன்படும் என்று யோசித்துக் கொடுப்பதே நல்ல பரிசு, இல்லையா?

2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் 40 வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் அரியலூர் மாவட்டத்துக்காரர். அன்று நாடே அழுதது. மாலை போடுவதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் சரிதான். ஆனால், வீரர்களை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே நினைக்க வேண்டாமா?

டிசம்பர் 7 கொடிநாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில்தான் அதுவும் வருகிறது. தேவாலயத்தில் குடில் ஜோடிக்கும் பிள்ளைகள், பங்குத்தந்தையிடம் கேட்டு ஒரு பெட்டி வைக்கலாம். கோயில் தெருப் பிள்ளைகளும், பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளலாம். கெட்டுப்போகாத தின்பண்டம், கம்பளிக் காலுறை, நீங்கள் வரைந்த படம், ஒரு கடிதம் போதும். உங்கள் ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போனவரின் வீட்டாரிடம் முகவரி கேளுங்கள். பெயர், எண், படைப்பிரிவுடன் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. வீரர் எங்கே இருக்கிறார் என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நீங்களும் அதைத் துருவிக் கேட்காதீர்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? ஏரியில் தண்ணீர் வந்ததையும், அறுவடை ஆரம்பித்ததையும் எழுதுங்கள். ஊரை விட்டுத் தூரத்தில் இருப்பவருக்கு அதைவிட இனிப்பான தின்பண்டம் கிடையாது!

அன்புடன்,
ஆசிரியர்