விண்ட்சர், நெக்ஸான், கிரெட்டா, விஎஃப் 6... எந்த எலெக்ட்ரிக் கார் உங்களுக்கு செட் ஆகும்?

எலெக்ட்ரிக் கார் வாங்கலாம்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா எந்தக் கார்? சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் டாடாதான் பதில். இப்போது நிலைமை வேறு. 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர், 2025 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், 2025 செப்டம்பரில் தூத்துக்குடி ஆலையில் இருந்து வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்ட்டின் விஎஃப் 6 என போட்டி சூடுபிடித்துள்ளது.

இவற்றில் எதைத் தேர்வு செய்வது? விலையை மட்டும் பார்த்தால் போதுமா?

ரேஞ்ச்: சொல்வது ஒன்று, ஓடுவது ஒன்று

ஒருமுறை முழு சார்ஜ் போட்டால் 38 கிலோவாட் ஹவர் பேட்டரி கொண்ட விண்ட்சர் 332 கி.மீ., 45 கிலோவாட் ஹவர் நெக்ஸான் 489 கி.மீ., 51.4 கிலோவாட் ஹவர் கிரெட்டா (2025 ஜனவரி அறிமுகத்தின்போது சொன்னபடி) 473 கி.மீ., 59.6 கிலோவாட் ஹவர் விஎஃப் 6 468 கி.மீ. ஓடும் என்கின்றன நிறுவனங்கள்.

இவை சோதனையில் கிடைத்த எண்கள். ஏசி, டிராஃபிக், நெடுஞ்சாலை வேகம் எல்லாம் சேர்ந்தால் ரேஞ்ச் குறையும். நெக்ஸானின் நடைமுறை ரேஞ்ச் 350 முதல் 370 கி.மீ. என டாடாவே குறிப்பிடுகிறது. அதாவது, சொல்வதில் முக்கால் பங்கு. அதே கணக்கில் விண்ட்சருக்கு 250 கி.மீ. கிடைக்கும்.

சென்னையில் இருந்து புதுச்சேரி போக எந்தக் காரும் ஓகே. திருச்சி சுமார் 330 கி.மீ. விண்ட்சரில் போனால் நடுவில் ஒரு சார்ஜ் கட்டாயம். மற்ற மூன்றிலும் எட்டிவிடலாம் என்றாலும், வழியில் ஒருமுறை சார்ஜ் போடுவதே நல்லது.

9.99 லட்சம் விளம்பரம்: கணக்கு என்ன?

விண்ட்சர் அறிமுகமானபோது ஷோரூம் விலை 13.50 லட்சம் ரூபாய். பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் 9.99 லட்சம், கூடவே கி.மீ.க்கு 3.50 ரூபாய் என்றும் ஒரு திட்டம் வந்தது.

இரண்டுக்கும் வித்தியாசம் 3.51 லட்சம். சுமார் 1 லட்சம் கி.மீ. ஓட்டினால் வாடகையே அந்தத் தொகையைத் தொட்டுவிடும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு அதற்கு 8 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மாதம் 2,500 கி.மீ. ஓட்டுபவருக்கு 3 ஆண்டு, 4 மாதம்தான். குறைந்தபட்ச கி.மீ. நிபந்தனை உண்டா, வாடகை பின்னர் உயருமா என ஒப்பந்தத்தில் கண்டிப்பாகப் பாருங்கள்.

வீட்டில் பிளக் இருக்கா?

பலரும் கடைசியில் கேட்கும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். வீட்டு மின்சாரம் யூனிட் 8 ரூபாய், வெளியே ஃபாஸ்ட் சார்ஜிங் 20 ரூபாய் என வைத்துக்கொள்வோம். விண்ட்சருக்கு கி.மீ.க்கு வீட்டில் சுமார் 1.20 ரூபாய், வெளியே 3 ரூபாய் ஆகும்.

இதோடு பேட்டரி வாடகை 3.50 ரூபாயைச் சேர்த்தால் வீட்டில் 4.70, வெளியே 6.50 ரூபாய். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு, பெட்ரோல் 100 ரூபாய் என்றால், கி.மீ.க்கு 6.70 ரூபாய். ஆக, அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பிளக் இல்லாதவர் பேட்டரியையும் வாடகைக்கு எடுத்தால், எரிபொருள் செலவில் மிச்சமாவது வெறும் 20 காசு!

வாரண்டியில் கவனம்

விண்ட்சர் பேட்டரிக்கு 'வாழ்நாள் வாரண்டி' முதல் உரிமையாளருக்கு மட்டுமே. கார் கைமாறினால் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. தான். சில வருஷத்தில் விற்கும் எண்ணம் இருந்தால், ரீசேல் விலையில் இது எதிரொலிக்கலாம்.

அப்போ எதை வாங்கலாம்?

நகருக்குள் மட்டும் ஓட்டம், வீட்டில் சார்ஜிங் வசதி, கையில் பணம் குறைவு என்றால் பேட்டரி வாடகைத் திட்டம் கைகொடுக்கும். அடிக்கடி சொந்த ஊர் போய் வருபவர்களுக்கு 45 கிலோவாட் ஹவருக்கு மேல் பேட்டரி உள்ள கார், அதுவும் பேட்டரியோடு சேர்த்து வாங்குவதே லாபம். புதிய பிராண்ட் என்றால் உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

பார்க்கிங்கில் பிளக்கே கிடைக்காது என்றால்? முதலில் குடியிருப்போர் சங்கத்திடம் பேசுங்கள். கார் புக்கிங் அதற்கு அப்புறம்தான்.