கூட்டாளி கேட்டா நம்ம பிள்ளை என்ன சொல்லும்?

பதிவு கொஞ்சம் நீளம். பூசை முடிஞ்சு, சாப்பிட்டு, ஆற அமர உட்கார்ந்து படிங்க. வயசுப் பிள்ளைங்க வச்சிருக்கிற அம்மா அப்பா கட்டாயம் படிக்கணும். கோயில் நிர்வாகத்துல இருக்கிற அண்ணன்மாரும் கோவிச்சுக்காம படிங்க.

ரெண்டு வாரமா வாட்சாப் குழுவுல ஒரே பேச்சு. படிவம் 4 படிக்கிற நம்ம பிள்ளை ஒண்ணுகிட்ட அவளோட கிறிஸ்தவக் கூட்டாளி, "ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுக்கு வாயேன், உனக்காக நான் தினமும் ஜெபம் பண்றேன்"னு சொல்லியிருக்கு. அவ்வளவுதான். பள்ளியில புகார் கொடுங்க, போலீஸ்ல ரிப்போட் செய்யுங்க, அந்தப் பிள்ளையோட சேராதேன்னு சொல்லி வைங்க... இப்படியே குரல் பதிவு மேல குரல் பதிவு. ஆனா ஒரு கேள்வியை யாருமே கேக்கல. நம்ம பிள்ளை என்ன பதில் சொல்லிச்சு?

ஒண்ணும் சொல்லல. "ஏன் கல்லைக் கும்பிடுறீங்க?"ன்னு அந்தக் கூட்டாளி கேட்டதுக்கு, "எங்க வீட்ல அப்படித்தான்"னு சொல்லிட்டு பேச்சை மாத்தியிருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்தக் கிறிஸ்தவப் பிள்ளை மேல நாம கோபப்படறதுல நியாயம் இல்ல. கவலைப்பட வேண்டியது நம்ம பிள்ளை வாயடைச்சு நின்னதைப் பத்தித்தான். அதைச் சரி பண்ண வேண்டிய இடம் பள்ளியும் இல்ல, போலீஸ் ஸ்டேஷனும் இல்ல. கோயில்.

கொஞ்சம் அந்தப் பக்கம் நின்னு பாருங்க. தன் நம்பிக்கையைப் பிறருக்குச் சொல்றது கிறிஸ்தவர்களுக்குக் கடமை. மத்தேயு நற்செய்தி முடியிற இடத்துல, எல்லா இனத்தாரையும் சீடராக்கச் சொல்லித்தான் இயேசு தன் சீடர்களை அனுப்பி வைக்கிறார். வயசுல சின்னவரான தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதின கடிதத்துல, இளையவன்னு யாரும் உன்னை லேசா நினைக்காதபடி நடந்துக்கோன்னு வருது. பல சபைகள்ல இளையோர் கூட்டத்துல இதை வச்சுத்தான் பிள்ளைங்களைத் தட்டிக் கொடுக்கிறாங்க. ஒரு கூட்டாளி பேரை மனசுல வச்சுக்கோ, அவனுக்காக வேண்டிக்கோ, சாமி உனக்கு என்ன செஞ்சார்னு ரெண்டு மூணு நிமிஷத்துல சொல்லப் பழகு, சண்டை போடாதே, அன்பா கூப்பிடு. பாடம் இவ்வளவுதான்.

தனக்கு நல்லதுன்னு பட்டதைக் கூட்டாளிக்கும் கொடுக்கணும்னு 16 வயசுப் பிள்ளை நினைக்குது. மத்தவங்க சிரிப்பாங்களோன்னு கூச்சப்படுற வயசுல, வாயைத் திறந்து சொல்ல ஒரு தைரியம் வேணும். அந்தத் தைரியம் நம்ம பிள்ளைக்கும் வரணும்னுதான் எனக்கு ஆசை.

சட்டமும் தெரிஞ்சுக்குவோம், சும்மா கத்தக் கூடாது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தோட 11-ஆவது பிரிவு, தன் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை கொடுக்குது. முஸ்லிம்களிடையே மற்ற சமயத்தைப் பரப்புறதைக் கட்டுப்படுத்தலாம்னு மட்டும் அதுலயே ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆக, ஒரு கிறிஸ்தவப் பிள்ளை நம்ம பிள்ளைகிட்ட இயேசுவைப் பத்திப் பேசுறது குற்றம் இல்ல. அதே நேரத்துல 12-ஆவது பிரிவு, வேற சமயத்தோட போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொல்லுது. 18 வயசு ஆகாத பிள்ளையோட சமயத்தை பெத்தவங்களோ பாதுகாவலரோ தீர்மானிக்கணும்னும் சொல்லுது. நம்ம ஈப்போ தாய் இந்திரா காந்தி வருஷக்கணக்கா நீதிமன்றப் படி ஏறினது உங்க எல்லாருக்கும் தெரியும். அது வேற சமயம் சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனா 2018 ஜனவரி 29-ல கூட்டரசு நீதிமன்றம் சொன்னது நமக்கும் முக்கியம். வயசு வராத பிள்ளையை மதம் மாத்த, தாய் தகப்பன் ரெண்டு பேர் சம்மதமும் வேணும்.

அதனால எல்லை எங்கேன்னு தெளிவா இருப்போம். கூட்டாளி பேசலாம், கூப்பிடலாம், வேண்டிக்கலாம். ஆனா பெரியவங்க யாராவது, "வீட்ல சொல்லாதே"ன்னு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தா அது தப்பு. நோயையும் சாவையும் காட்டிப் பயமுறுத்தினா தப்பு. முனீஸ்வரரையும் காளியம்மாவையும் பேய், பிசாசுன்னு சொன்னா தப்பு. அங்க நாம நேரடியா அந்தச் சபைப் பொறுப்பாளரைப் பார்த்து மரியாதையா, அழுத்தமா பேசணும். அதே மாதிரி நம்ம பிள்ளைங்க சிலுவையைக் கிண்டல் பண்ணினாலும் தப்புதான். இதுல ரெண்டு தராசு கிடையாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நம்ம பிள்ளைக்கு ஏன் பதில் தெரியல?

தோட்டத்துல இருந்த காலத்துல யாரும் நமக்குச் சமய வகுப்பு எடுக்கல. தேவையும் இல்ல. லயம், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் மூணும் கூப்பிடு தூரத்துல. விடியக்காலையில பெரட்டுக்குப் போறவங்க முனியாண்டி கோயில்ல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் பால் மரத்துக்குப் போவாங்க. ஆடி மாசம் கூழ் ஊத்தினா தோட்டமே ஒண்ணா நிக்கும். பாட்டி விளக்கேத்தினா பேரப்பிள்ளை பக்கத்துல உட்கார்ந்திருக்கும். ஏன், எதுக்குன்னு யாரும் கேக்கல. கேக்கிறதுக்கு வேற ஆளும் இல்ல, சுத்தி இருந்த எல்லாருமே நம்மைப் போலத்தான்.

அப்புறம் தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தாங்க. இரப்பர் போய் செம்பனை வந்துச்சு, செம்பனை போய் தாமான் வந்துச்சு. சுங்கை சிப்புட், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் பக்கமிருந்து சனங்க புந்தோங், குனோங் ராப்பாட், பெர்ச்சாம்னு வந்து குடியேறினாங்க. கோயில் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். அப்பா ஷிப்ட் வேலை, அம்மா ஓவர்டைம். பாட்டி அண்ணன் வீட்ல. பள்ளியில முஸ்லிம் பிள்ளைங்களுக்கு இஸ்லாமியக் கல்வி இருக்கு, நம்ம பிள்ளைங்களுக்கு நன்னெறிக் கல்விதான். அதுல நல்ல பண்பு வரும், சைவம் வராது. தோட்டத்துல காத்து மாதிரி தானா கிடைச்சது, தாமான்ல யாராவது கையில எடுத்துக் கொடுத்தாத்தான் கிடைக்கும். நாம இன்னும் தோட்டத்துல இருக்கிற நினைப்புலயே கோயில் நடத்திக்கிட்டு இருக்கோம்.

சர்ச்சு அப்படி இல்ல. தாமான்ல கடை வீட்டு மாடியில இடம் எடுத்து, வேன் அனுப்பி, பிள்ளை பேரைக் கேட்டு, பரீட்சை எப்பன்னு கேட்டு, வீட்ல ஒருத்தர் ஆஸ்பத்திரியில படுத்தா முதல் ஆளா போய் நிக்கிறாங்க. நம்ம கோயிலுக்கு வர்ற பிள்ளைக்கு அர்ச்சனை டிக்கெட் கிடைக்குது, விபூதி கிடைக்குது, அன்னதானமும் கிடைக்குது. "நீ யாரு வீட்டுப் பிள்ளைமா, எப்படிப் படிக்கிற?"ன்னு கேக்க ஆள் கிடைக்குதா?

மிஷனரி நமக்குப் புதுசும் இல்ல. ஈப்போவுல மெதடிஸ்ட்காரங்க ஆங்கிலோ சீனப் பள்ளியை 1895-லயே ஆரம்பிச்சுட்டாங்க. லா சால் சகோதரர்களோட செயின்ட் மைக்கல் பள்ளி 1912-ல வந்தது. அங்க படிச்ச எத்தனையோ இந்துக்கள் நெத்தி விபூதியோடயே வெளிய வந்தாங்க. வீட்டுல அடித்தளம் இருந்தா, வெளியில கேக்கிறது எதுவும் பிள்ளையை ஆட்டாது.

இதே நிலைமை நமக்கு முன்னாடி யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்கு. அந்த ஊர்க்காரங்க பலர் மலாயா இரயில்வேயிலயும் அரசாங்க ஆபீஸ்லயும் வேலை பார்த்தது நம்ம பெரியவங்களுக்குத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டுல அங்க பள்ளிக்கூடம்னாலே பெரும்பாலும் மிஷன் பள்ளிதான். 1822-ல நல்லூர்ல பிறந்த ஆறுமுக நாவலரும் வெஸ்லியன் மிஷன் பள்ளியில படிச்சவர்தான், அங்கேயே ஆசிரியராவும் இருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழ்ல மொழிபெயர்க்க உதவி பண்ணினார். பக்கத்துல இருந்து பார்த்ததால, அவங்க பலம் எதுல இருக்குன்னு அவருக்குப் புரிஞ்சுது. பாடப் புத்தகம், அச்சு இயந்திரம், வாரா வாரம் பிரசங்கம்.

அவர் என்ன பண்ணினார்? 1847 கடைசியில வண்ணார்பண்ணை சிவன் கோயில்ல வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தை ஆரம்பிச்சார். 1848-ல சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுக்கூடம் வச்சார். பிள்ளைங்களுக்குப் பாலபாடமும், கேள்வி பதிலா சைவ வினாவிடையும் எழுதினார். பாதிரிமாரைக் கண்டிச்சும் காரசாரமா எழுதியிருக்கார், அதை மறைக்க வேணாம். ஆனா இன்னைக்கும் நிலைச்சு நிக்கிறது அந்தச் சண்டை இல்ல, வினாவிடையும் பள்ளிக்கூடமும்தான். அவர் சாதி பார்த்தார்ங்கிறதும் உண்மை. தோட்டத்துல இருந்து வந்த நாம அதை ஏத்துக்க முடியாது. சாதி பேசுற கோயில்ல இருந்து பிள்ளை வெளிய போனா, அதுக்குச் சர்ச்சைக் குறை சொல்லவும் முடியாது. நாவலர்கிட்ட நாம எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான். பிள்ளையோட கேள்விக்குப் பிள்ளை மொழியில பதில் எழுதி வச்சார் பாருங்க, அது.

சரி, கல்லைப் பத்தி நம்ம பிள்ளை என்னதான் சொல்லலாம்? "தாத்தா படத்துக்கு மாலை போடுறோம். கண்ணாடிக்கும் சட்டத்துக்குமா போடுறோம்? தாத்தாவுக்குத்தானே. அது மாதிரி, எங்கேயும் இருக்கிற சாமியை இந்த வடிவத்துல வந்து இருன்னு மந்திரத்தால அழைச்சு, கும்பாபிஷேகம் பண்ணித்தான் கும்பிடுறோம். மஞ்சள்ல பிள்ளையார் பிடிச்சு, பூசை முடிஞ்சதும் தண்ணியில கரைக்கிறோமே, மஞ்சள்தான் சாமின்னா கரைப்போமா?" ஏன் இத்தனை சாமின்னு கேட்டா, "எங்க அம்மாவை நான் அம்மான்னு கூப்பிடறேன், மாமா அக்கான்னு கூப்பிடறார், பாட்டி பிள்ளைன்னு கூப்பிடறாங்க, ஆள் ஒண்ணுதான்"னு சொல்லலாம். காவடி ஏன்னு கேட்டா, புந்தோங்ல இருந்து கல்லுமலைக்கு அப்பா எதுக்காக நடந்தார்னு வீட்டுக் கதையைச் சொன்னாலே போதும். இதுக்குப் பண்டிதர் வேண்டியதில்ல. ஆனா ஒரு தடவையாவது யாராவது பிள்ளைகிட்ட உட்கார்ந்து பேசியிருக்கணும்.

கூட்டாளியை ஜெயிக்கிறதுக்காக இதைச் சொல்லல. அந்த நட்பு உடையக் கூடாதுன்னுதான் சொல்றேன். பதில் தெரியாத பிள்ளை ஒண்ணு கோபப்பட்டுக் கூட்டாளியை வெட்டிடும், இல்லன்னா வெட்கப்பட்டு நம்மை விட்டு விலகிடும். பதில் தெரிஞ்ச பிள்ளை, "நீ எனக்காக வேண்டிக்கிறதுக்கு நன்றி, நானும் முருகன்கிட்ட உனக்காக வேண்டிக்கிறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லும்.

ஏற்கனவே வீட்ல ஒரு பிள்ளை சர்ச்சுக்குப் போயிடுச்சுன்னா என்ன செய்யிறதுன்னு சிலர் என்கிட்ட தனியா கேக்கிறாங்க. திலகவதியாரை நினைச்சுக்குங்க. தம்பி மருள்நீக்கியார் சமண சமயத்துக்குப் போய், அங்க தர்மசேனர்னு பெரிய பதவியில இருந்தார். அக்கா போய் சண்டை போடல, சபிக்கல. திருவதிகைக் கோயில்ல அலகிட்டு, மெழுகி, தம்பிக்காக வேண்டிக்கிட்டு இருந்தாங்க. சூலை நோயோட தம்பி திரும்பி வந்தப்போ, ஏன் போனேன்னு ஒரு வார்த்தை கேக்காம விபூதி கொடுத்து உள்ள கூட்டிப் போனாங்க. அதுக்கப்புறம்தான் நமக்கு அப்பர் சுவாமி கிடைச்சார். கதவைச் சாத்தின வீட்டுக்கு யார் திரும்பி வருவா? வராமலே போனாலும் அது நம்ம ரத்தம்தானே. தீபாவளிக்கு இலை போட்டு, உட்காருடான்னு சொல்லுங்க.

கடைசியா நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள். பெரிய செலவு ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் 40 நிமிஷம் மண்டபத்தைப் பிள்ளைங்களுக்கு விடுங்க. வாரத்துக்கு ஒரு கேள்வி, அதுவும் பிள்ளைங்களே கேக்கணும். "சாமி குத்தம், அப்படிக் கேக்கக் கூடாது"ன்னு யாரும் அடக்கக் கூடாது. பதிலைப் பெரியவங்க பிரசங்கமா நீட்டாம, பிள்ளைங்களையே ரெண்டு நிமிஷம் எழுந்து பேச வைக்கணும். தமிழ் தடுமாறினா மலாய்லயோ ஆங்கிலத்துலயோ பேசட்டும், பள்ளியில கூட்டாளி அதுலதானே கேக்கிறான்? இந்து சங்கத்தோட திருமுறை ஓதும் விழாவுக்கு நம்ம பிள்ளைங்க அழகா பாடுறாங்க. பாடுற பாட்டுக்குப் பொருளும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க. வீட்ல யாருக்காவது உடம்புக்கு முடியலைன்னா, கோயில்ல இருந்து ரெண்டு பேர் பிரசாதத்தோட போய்ப் பார்க்கணும். அதுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் போடுங்க, என் பேரை முதல்ல எழுதிக்குங்க.

திருவிழாவுக்கு ஒரு ராத்திரி பந்தலுக்கும் பேண்டுக்கும் கொட்டுற பணத்துல கால்வாசி கூட இதுக்கு வேணாம். ஆள்தான் வேணும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கல்லூரி படிக்கிற தம்பி தங்கச்சிங்க யாராவது முன்வந்தா கீழ பேர் போடுங்க. மத்த கோயில்ல இந்த மாதிரி வகுப்பு நல்லா நடந்தா, எப்படி நடத்துறீங்கன்னு எழுதுங்க, கத்துக்கிறோம். திட்டறவங்களும் திட்டலாம், ஆனா கிறிஸ்தவ அன்பர்களைக் கேவலமா எழுதினா அந்தக் கருத்தை எடுத்துடுவேன்.

வேலுண்டு வினையில்லை.