பண்ணை என்றால் விளையாட்டு

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரும் பெற்றோர் பலர் இப்போது பிக்கிள்பால் புராணம் பாடுகிறார்கள். உடனே நம் இலக்கிய அன்பர்களுக்குச் சினம் மூண்டுவிடுகிறது. சடுகுடுவும் கிளித்தட்டும் ஆடிய மண்ணில் இந்த இறக்குமதிச் சரக்கு எதற்கு என்கிறார்கள். இந்தச் சினம் தவறான வாசலில் நின்று கத்துகிறது என்பதே என் வாதம்.

பிக்கிள்பால் 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. விடுமுறையில் பொழுதுபோகாத பிள்ளைகளுக்காக, வீட்டிலிருந்த பூப்பந்துக் களத்தில், மேசைப்பந்து மட்டையையும் துளையிட்ட நெகிழிப் பந்தையும் வைத்து உருவாக்கிய ஆட்டம் அது. கைக்குக் கிடைத்த குச்சியைச் சீவிக் கிட்டிப்புள் ஆடிய நமக்கு இந்தப் பிறப்புக் கதை அந்நியமா என்ன?

நம்மவர் அங்கே வியந்தது உண்மையில் ஆட்டத்தை அல்ல, இடத்தை. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பொதுப்பூங்காவின் டென்னிஸ் களத்திலேயே இன்னொரு நிறத்தில் கோடு போட்டுவிடுகிறார்கள். முன்பின் அறியாதவரும் தம் மட்டையை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் முறை வந்ததும் ஆடலாம். சிங்கப்பூரில் வகுப்பு முடிந்தபின் பள்ளித் திடல்களையும் உள்ளரங்குகளையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் அரசுத் திட்டமே உண்டு. பந்து எழுப்பும் ஓசையால் தூக்கம் கெடுகிறது என்று அங்கெல்லாம் பூசலும் நடக்கிறது. இடம் உள்ளவர்களின் பூசல் அது.

இங்கே நிலை என்ன? சென்னையில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்தால் பிக்கிள்பால் ஆடலாம். சின்னசேலம் போன்ற ஊர்களில் காசு கொடுத்தாலும் இடமில்லை. களத்தின் அளவோ 44 அடிக்கு 20 அடி, அதாவது 880 சதுர அடி. நம் கணக்கில் இரண்டு சென்டுக்குச் சற்றே கூடுதல். சுற்றிலும் ஓடியாட இடம் விட்டாலும் நான்கு சென்ட் போதும். ஏக்கர் கணக்கில் மனை பிரித்து விற்கும் ஊரில் இந்த நான்கு சென்ட் பொதுவுக்குக் கிடைக்காதாம்!

ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். திடல் உள்ள பள்ளிகளிலும் மாலையானால் வாயிற்கதவு பூட்டப்படுகிறது. தலைமையாசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. காலையில் உடைந்த மதுப்புட்டிகளைப் பொறுக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆனால் அதற்குப் பூட்டுதான் மருந்தா? மாலை இரண்டு மணிநேரம் ஒரு காவலரையும் இரண்டு விளக்குகளையும் பேரூராட்சி ஏற்றுக்கொண்டால் ஆகாதா? 2024 முதல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கினார்கள். நல்ல செயல். மட்டை வந்துவிட்டது, வீசுவதற்கு இடம்?

பையன்கள் எப்படியோ வற்றிய ஏரியில் கிரிக்கெட் ஆடிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்? 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' எழுதிய தேவநேயப் பாவாணர் பெண்பிள்ளைகளின் ஆட்டங்களுக்கென்று தனிப்பகுதியே ஒதுக்கினார். அந்த ஆட்டங்களின் பெயர்களை என் மாணவியர் தேர்வில் பிழையின்றி எழுதுகிறார்கள். ஆடிப் பார்த்தவர்கள் அரிது. பிக்கிள்பாலா அவற்றை அழித்தது? அது வருவதற்கு வெகுகாலம் முன்பே மந்தையும் களத்துமேடும் கைமாறிவிட்டன.

தொல்காப்பியர் உரியியலில் 'பண்ணை' என்ற சொல்லுக்கு விளையாட்டு என்று பொருள் சொல்கிறார். மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் ஒன்றாகவும் விளையாட்டை வைக்கிறார். இன்று பண்ணை என்றால் நம் நினைவுக்கு வருவது கோழிப்பண்ணை. சொல்லின் பழம்பொருளைக் காக்க விரும்பும் அன்பர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக் கதவைத் திறக்கச் சொல்லி ஒரு மனு எழுதட்டும். திறந்த திடலில் பிள்ளைகள் சடுகுடு ஆடுவார்களா பிக்கிள்பால் ஆடுவார்களா என்பதை அவர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.