குப்பைப் பை என்றார்கள்

போன மார்கழியில் சித்தப்பாவின் ஸ்கேன் படத்தை மஞ்சப்பையில் போட்டுச் சேலத்திலிருந்து கொண்டுவந்தேன். ஏற்காட்டு மலையில் எங்கள் நாகலூர் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. மறுநாள் காலை சித்தி அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கறுப்புப் படத்தில் ஓரிடத்தில் மட்டும் வெளிறிய வளையம். அதன் வழியே வெளியே நின்ற சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் மங்கலாகத் தெரிந்தன. "இத்தனூண்டுதானே கண்ணு, எடுத்துப் போட்டுட்டா சரியாப் போயிரும்ல?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பெயர் கிளியோபிளாஸ்டோமா. பெரியவர்களுக்கு மூளையிலேயே உருவாகும் புற்றுகளில் அதிகம் வருவதும் இதுதான், மிகக் கொடியதும் இதுதான். அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை 2005-இல் வெளிவந்த ஆய்வு நிலைநாட்டியது. அந்தச் சிகிச்சை பெற்றவர்களிலும் பாதிப் பேர் 15 மாதத்தைத் தாண்டவில்லை. கட்டியை எடுத்தாலும், அதன் செல்கள் நல்ல மூளைக்குள் வெகுதூரம் ஊடுருவியிருக்கும். போன இடத்தில் அவை சும்மாவும் இருப்பதில்லை. அக்கம்பக்கத்துச் செல்களோடு பேசுகின்றன.

பேச்சு நடப்பது நுண்பைகள் வழியாக. 1983-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டன் ஆட்டு ரத்தத்தில் முதிராத சிவப்பணுக்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவை முதிரும்போது, இனித் தேவைப்படாத புரதத்தைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வெளியே தள்ளின. நம் எஸ்டேட் பல்பரில் காப்பிப் பழத்தைப் போட்டால் கொட்டை ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமும் விழுமே, அப்படி. எக்ஸோசோம் என்று அவர் பெயர் வைத்த பிறகும், அது செல்லின் குப்பைப் பை என்றே பலரும் பல வருடம் நினைத்திருந்தார்கள். ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் ஆயிரம் பைகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியது.

2008-இல் பாஸ்டனில் யோகான் ஸ்கோக், சாண்ட்ரா பிரேக்ஃபீல்ட் குழுவினர் அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒளிரும் புரதத்துக்கான ஆர்.என்.ஏ. செய்தியை மூளைக்கட்டிச் செல்களுக்குள் வைத்தார்கள். அவை வெளியிட்ட பைகளை மட்டும் எடுத்து, மூளை ரத்தக்குழாயின் செல்களுக்குக் கொடுத்தார்கள். ரத்தக்குழாய்ச் செல்கள் அந்தச் செய்தியைப் படித்து, ஒளிரும் புரதத்தைத் தாங்களே செய்தன! அதோடு குழாய் குழாயாக வளரவும் தொடங்கின. ஆக, கட்டி தனக்கு வேண்டிய ரத்தத்துக்கு வாய்க்கால் வெட்டச் சொல்லி ஆள் அனுப்புகிறது. அதே வருடம் மெக்கிலில் யானுஷ் ராக் குழு இன்னொன்றைக் காட்டியது. ஒரு கட்டிச் செல்லில் உள்ள கெட்டுப்போன புரதம் இந்தப் பைகளில் ஏறி, அது இல்லாத செல்லுக்குள் போய் அதையும் தன் போக்குக்கு இழுத்துவிடுகிறது.

மெக்கில் என்றதும் எனக்கு வேலூர் நினைவு வரும். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949-இல் சி.எம்.சி.யில் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, அந்த மான்ட்ரியாலில்தான் நரம்பியல் அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்றார். மண்டையைத் திறந்து கட்டியை எடுக்கும் வித்தைக்கு இங்கே ஒரு துறை அமைத்தவர் அவர். திறக்காமலே கட்டியைப் படிக்கும் வழி இந்தப் பைகளில் இருக்கிறது. அவை ரத்தத்திலும் கலக்கின்றன. கெட்டுப்போன அந்தப் புரதத்துக்கான செய்தியை, பாஸ்டன் குழு 25 நோயாளிகளில் 7 பேரின் ரத்தத்தில் இருந்த பைகளிலேயே கண்டுபிடித்தது. ஏழு போதாது. மூளைக்கட்டிக்கு இது இன்னும் ஆஸ்பத்திரிச் சோதனையாகவில்லை. ஆனால் புராஸ்டேட் புற்றுக்குச் சிறுநீரிலுள்ள பைகளைப் படிக்கும் சோதனை அமெரிக்காவில் வந்துவிட்டது.

நான் இதை விடாமல் படிப்பதற்குக் காரணம் உண்டு. சித்தப்பாவின் தலைவலியை நாலு மாதம் ஒற்றைத் தலைவலி என்றார்கள், கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். ஸ்கேனுக்காக ஏற்காட்டிலிருந்து இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் தலையை என் மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வந்தார். ஏழாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தி வாந்தி எடுத்தார். பிறகு கட்டி என்ன ஆயிற்று என்று பார்க்க, இரண்டு மாதத்துக்கொரு முறை அதே வளைவுகள்.

ஒரு குழாய் ரத்தம் என்றால் இங்கேயே எடுத்து, ஐஸ் டப்பாவில் வைத்து, காலைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பலாம். சித்தப்பா களத்தில் காயும் காப்பிக்கொட்டைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கலாம்.