அலுவலக வாசலில் நிற்கும் தயக்கம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு அருகிலேயே மென்பொருள் நிறுவனங்களும் இயங்குகின்றன. பட்டறைத் தொழிலாளியின் மகள் அங்கே பணியில் சேரும்போது, ‘இந்த இடத்துக்கு நான் தகுதியானவள்தானா?’ என்று தயங்குகிறாள். ஆவடியில் வளர்ந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேலைக்குச் சென்ற நானும் அப்படித் தயங்கியவன்தான். கேள்வி கேட்டால் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிப் பல மாதங்கள் வாய் திறக்கவில்லை.

உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் இம்ஸும் 1978-இல் இந்த மனநிலையை விவரித்தார்கள். அதை அவர்கள் கண்டது திறமை குறைந்தவர்களிடம் அல்ல, சாதித்த பெண்களிடம்!

‘கேட்காமல் செய்த தவறைத் திருத்துவதுதான் கடினம்’ என்று மூத்த பொறியாளர் ஒருவர் சொன்ன அன்றுதான் என் அச்சம் விலகியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை, 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ பயிற்சி என அலுவலக வாசல்வரை அரசு துணைவருகிறது. அதற்குப் பிறகு, தயங்காமல் சந்தேகம் கேட்க ஒரு மூத்தவரை அமர்த்துவது நிறுவனங்களின் கடமை. தன்னம்பிக்கையைப் புதியவர்களிடம் மட்டுமே எதிர்பார்ப்பது நியாயமல்ல.