அப்பாவின் மஞ்சள் புத்தகம்



போன மாதம் ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு காட்சியைக் கண்டேன். ஒரு அம்மா தன் கைத்தொலைபேசியை மகனிடம் நீட்டினார். அவனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். "தாங்கோ" என்று வாங்கினான், நாலைந்து தரம் தட்டினான், "முடிஞ்சுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நண்பர்களிடம் ஓடிவிட்டான். என்ன முடிந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவனில் நான் என்னைத்தான் கண்டேன்.

என் அப்பா இந்த நகரத்து உணவகச் சமையலறைகளில் பல வருடங்கள் வேலை செய்தவர். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வாடகை, மருத்துவக் காப்புறுதி, மின்சாரம் என்று வந்த பில்களை மேசையில் அடுக்குவார். அவற்றின் கீழே செம்மஞ்சள் நிறக் கட்டணச் சீட்டு இருக்கும். தொகைகளைத் தன் மஞ்சள் புத்தகத்தில் கையால் எழுதிக் கூட்டுவார். பிறகு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போஸ்டுக்குப் போவார். அங்கே காசை எண்ணிக் கொடுக்க, உள்ளே இருக்கும் பெண் புத்தகத்தில் முத்திரை குத்துவார். அப்பாவின் பிரெஞ்சில் பாதி அந்த வரிசையில் நின்று படித்தது. வீட்டுக்கு வந்து புத்தகத்தை அலுமாரிக்குள் வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். இந்த நாட்டில் ஒருவருக்கும் ஒரு பிராங்கூடக் கடன் இல்லை என்ற நிம்மதி அது.

பிறகு காலம் மாறியது. 2020 ஜூன் 30 அன்று, நடுவில் சுவிஸ் சிலுவை உள்ள கியூஆர் பில் அறிமுகமானது. 2022 செப்டெம்பர் 30 உடன் பழைய செம்மஞ்சள், சிவப்புச் சீட்டுகள் நிறுத்தப்பட்டன. புதிய பில்லையும் போஸ்டில் காசாகக் கட்டலாம். ஆனால் எனக்குத்தான் பொறுமை இருக்கவில்லை. இரவு வேலை முடித்துக் களைத்து வந்த ஒரு காலையில் அப்பா ஒரு பில்லோடு வந்து நின்றார். "விடுங்கோ அப்பா, இனி எல்லாம் நான் பாக்கிறன்" என்றேன். அவருடைய வங்கிக் கணக்கை என் தொலைபேசியிலேயே திறந்துகொண்டேன். எனக்கு இரண்டு நிமிட வேலை. பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்தேன்.

ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், குசினி வாசலில் நின்று அப்பா மெதுவாகக் கேட்டார். "பிள்ளை, என்ர கணக்கில எவ்வளவு நிக்குது எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுவியோ?"

அவர் உழைத்த காசு அது. அதைப் பற்றி என்னிடம் அனுமதி கேட்பதுபோல் கேட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம்மைச் சுற்றி என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். முன்பு எங்கள் தமிழ்க் கடைகளில் ரெலிபோன் அட்டை விற்றார்கள். அதைச் சுரண்டி, நீண்ட எண்ணை அழுத்தி, ஊரோடு பேசுவோம். எந்த அட்டையில் கூட நிமிடம் கிடைக்கும் என்று கடைக்கார அண்ணாவுக்குத்தான் தெரியும். 2015 இல் வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது. அந்த வியாபாரம் கரைந்துபோனது. இன்று ருவின்ட் பயன்படுத்துபவர்கள் 50 இலட்சத்துக்கும் மேல். இந்த நாட்டின் சனத்தொகையோ ஏறத்தாழ 90 இலட்சம்தான். சுவிஸ் போஸ்ட் தான் நேரடியாக நடத்தும் கிளைகளை ஏறத்தாழ 770 இலிருந்து 2028க்குள் 600 அளவுக்குக் குறைக்கப் போவதாக 2024 இல் அறிவித்தது. மின்னணு அடையாள அட்டைச் சட்டத்தை 2021 இல் மக்கள் நிராகரித்தார்கள். அரசே அட்டையை வழங்கும் புதிய சட்டத்தை 2025 செப்டெம்பர் 28 அன்று 50.4 வீதத்தினர் ஏற்றார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள் என்பதையும் கவனியுங்கள். தயக்கம் எங்கள் பெற்றோருக்கு மட்டும் உரியதல்ல.

இதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. உலகளாவிய வலை பிறந்த இடம் இங்கிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத் தூரத்தில், ஜெனீவாவில் இருக்கிறது. சேர்ன் ஆய்வுகூடத்தில் 1989 இல் டிம் பேர்னர்ஸ்-லீ அதன் திட்டத்தை எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் அந்த மென்பொருளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தது. அப்படி ஒரு கொடை கிடைத்ததால்தான் ஊரில் இருக்கும் அம்மம்மாவின் முகத்தை நாங்கள் இங்கிருந்து பார்க்கிறோம்.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. முன்பு இடையில் ஒரு மனிதர் இருந்தார். முத்திரை குத்தும் பெண், அட்டை விற்கும் அண்ணா, ரிக்கெற் கொடுப்பவர். அவர்கள் விளங்கப்படுத்துவார்கள், திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்வார்கள். அவர்கள் குறையக் குறைய, அந்த வேலை உங்கள் கையில் வந்திருக்கிறது. இன்று எங்கள் வீடுகளில் போஸ்டும் வங்கியும் ரயில் நிலையமும் நீங்கள்தான். வரிசையில் நிற்பவர்கள் உங்கள் அப்பாவும் அம்மாவும்.

தாதியர் படிப்பில் முதலாம் வருடத்திலேயே எங்களுக்கு ஒன்று சொல்லித்தந்தார்கள். நோயாளி தன் முகத்தைத் தானே கழுவக்கூடியவராக இருந்தால், நாங்கள் கழுவிவிடக்கூடாது. துணியை நனைத்துக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் செய்தால் ஒரு நிமிடம், அவர் செய்தால் பத்து நிமிடம். ஆனால் நாங்களே தினமும் செய்தால், சில வாரங்களில் அவரால் அது முடியாமலே போய்விடும். வைத்தியசாலையில் எத்தனையோ பேருக்கு அந்தத் துணியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நான், வீட்டில் அப்பாவின் கையிலிருந்த துணியைப் பறித்திருக்கிறேன்.

எரிகோவில் வழியோரம் இருந்த பர்திமேயுவை நினைத்துப் பாருங்கள். அவன் பார்வையற்றவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் இயேசு முதலில் அவனைத் தம்மிடம் அழைப்பித்து, அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். கூட்டம் அவனைப் பேசாதிரு என்று அதட்டியது. ஆண்டவர் அவனைப் பேச வைத்தார். வல்லமை முழுவதும் தம் கையில் இருந்தும் கேட்டுவிட்டுத்தான் செய்தார். எங்கள் கையில் இருக்கும் வல்லமை ஒரு சின்னத் திரையும் ஒரு கடவுச்சொல்லும் மட்டுமே. நாங்கள் கேட்காமலே செய்கிறோம்.

ஆகவே சில காரியங்கள். அம்மா அப்பா தொலைபேசியை நீட்டினால், அதை வாங்காமல் பக்கத்தில் போய் இருங்கள். அவர்கள் விரலே தட்டட்டும். பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ வரும் வசனத்தைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். கடவுச்சொல்லை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே முடியாதவர்கள் வங்கியில் எழுத்துமூலம் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்க வழி இருக்கிறது. பார்சல் வந்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று வரும் பொய்ச் செய்திகளைக் காட்டி, அவசரப்படுத்துகிறவனை நம்பக்கூடாது என்று சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்தவர் அடுத்தமுறை உங்களிடம் சொல்லவே மாட்டார். யாராவது போஸ்டில் காசாகக் கட்டவே விரும்பினால், அது அவர்கள் உரிமை. கூடப் போய் வாருங்கள்.

என் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன பிள்ளை" என்றார். இப்போது மாதக் கடைசியில் இருவரும் மேசையில் இருக்கிறோம். அவர் தன் தொலைபேசியால் பில்லைப் படம் பிடிக்கிறார். கை நடுங்கினால் இரண்டாம் தரம் பிடிக்கிறார். ஒரு பில்லுக்கு இருபது நிமிடம் எடுக்கும். எனக்குக் கை துருதுருக்கும். கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். கட்டி முடிந்ததும் அலுமாரியைத் திறந்து, அந்த மஞ்சள் புத்தகத்தை எடுத்து, தொகையைத் தன் கையால் எழுதுகிறார். முத்திரை இல்லை. ஆனால் அந்த நிம்மதி திரும்பவும் அவர் முகத்தில் தெரிகிறது.

இந்த மாதம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை: "முடிஞ்சுது" என்று சொல்வதற்கு முன், "விளங்கிச்சுதா?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் வரும்வரை ஓடாதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் அக்கா